வசந்தி மில் ஸ்டாப்

5.5.2003, திங்கள்

காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இன்றும் இல்லை.

ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்து அளந்து, சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் மாவு மில்லில் மிஷினுக்கும் தராசுக்கும் நடுவில் கோடு. முன்பாதியை எடுத்தால் பின்பாதி நிற்காது. மொத்தமும் போகும் என்று அர்த்தம். பின்னால் உள்ள வீடு தப்பித்தது.

போகப்போகிறவை:
மில்
சலூன்
புளியமரம்
பிள்ளையார் கோயில் முன்மண்டபம் (பிள்ளையாருக்கு ஒன்றும் இல்லை)

இவர் கோட்டைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிளகாய் அரைக்கப் போய்விட்டார். எதற்குத்தான் வாய் திறந்திருக்கிறார்.

7.5, புதன்

விடியும் முன்பே தண்ணீர். குடம், அண்டா, இட்லிச் சட்டி வரை எல்லாம் நிரப்பியாயிற்று. இடுப்பு வலி.

பக்கத்து வீட்டு முத்தக்கா குழாயடியில் புலம்பல். "மில்லு போச்சுன்னா நம்ம ஏரியாவுக்கு என்னன்னுதான் அடையாளம் சொல்றது? எம் மருமகளுக்கே வசந்தி மில்லுல எறங்குன்னுதான் சொல்லி விட்டேன்."

உண்மைதான். நான் கல்யாணமாகி வந்தபோது இங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் தோல் கிடங்கு, குடலைப் பிடுங்கும் நாற்றம். இந்தப் பக்கம் கருவேலங்காடு. நிமிர்ந்தால் மலைக்கோட்டை. வசந்தி பிறந்த வருஷம் மில் கட்டினோம். இவர்தான் மகள் பெயரையே போர்டில் எழுதச் சொன்னார். டவுன் பஸ் விட்டபோது வேறு அடையாளம் இல்லாததால் ஸ்டாப்புக்கும் அதே பெயர். பிறகு வந்ததெல்லாம் அதை வைத்துத்தான். வசந்தி மில் எதிர்ச்சந்து. வசந்தி மில் பின்னால் ரேஷன் கடை. தோல் கிடங்கு போய் பேங்க் வந்தது, அதுவும் வசந்தி மில் எதிரில் என்றுதான். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிக்கிறார்கள்.

அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போன மறுநாளே இவர் போர்டை மாற்றினார். ஸ்ரீ வேலவன் மாவு மில். அந்தப் பெயரை ஒருத்தர் வாயிலும் கேட்டதில்லை. வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது என்றார். நானும் எடுக்கவில்லை. ஆனால் கால் மணிக்கொரு பஸ் வாசலில் நிற்கிறது. "வசந்தி, வசந்தி, வசந்தி எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் கொடுக்கிறார். அவர் வாயை இவரால் அடைக்க முடியுமா.

10.5, சனி

மணிக்கூண்டுப் பக்கம் போனேன். மூட்டுவலி மாத்திரை, கொத்தமல்லி, விளக்குத் திரி. அப்புறம் ஒரு ரூபாய் பூத்தில் வசந்திக்குப் போன். இருபதாம் தேதி இடிக்கப் போகிறார்கள் என்றேன்.

"அப்பா வரச் சொன்னாரா?"

"நான் சொல்றேன், வாடி."

"நீ சொல்லி வரமாட்டேம்மா. அவரு ஒரு வார்த்தை கூப்பிடட்டும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ல வாரேன்."

அப்பனை உரித்து வைத்த பிடிவாதம்.

திரும்பும்போது பஸ்ஸில் "வசந்தி மில் ஒண்ணு" என்றேன். கண்டக்டர் காதில் விழவில்லை. "எங்கம்மா?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். இதற்காகவே சில நாள் வேலையே இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை போய்வருகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இவர் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். அடுத்த ஸ்டாப்பான வாட்டர் டேங்குக்கு டிக்கெட் எடுப்பார். அங்கே இறங்கி வெயிலில் திரும்பி நடப்பார். கூடப் போனால் நானும் காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் இவர் பெயரைச் சொன்னதில்லை, அது வழக்கம். இவர் பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்வதில்லை, அது வீம்பு.

13.5, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வெஞ்சனம் கத்தரிக்காய், இவருக்குப் பிடிக்குமென்று வேண்டுமென்றே வைத்தது. இரண்டாவது சோறு போடும்போது ஆரம்பித்தேன்.

"இடிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டுமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவா."

"மோரை ஊத்து."

ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு மில்லுக்குப் போனார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மில் ஓடும்போது அழுதால் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

16.5, வெள்ளி

மிஷினை நத்தத்து ஆள் வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கடைசியாக அரைத்தது முத்தக்கா வீட்டு மிளகாய். வீடே தும்மியது. சாயங்காலம் அமைதி. என்னவோ போல் இருக்கிறது.

மழை வரும் போல் இருட்டி, வரவில்லை.

20.5, செவ்வாய்

இடித்தார்கள்.

ஜேசிபி வந்து, ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முன்சுவர் போய்விட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் இவரும் பிள்ளையார் கோயில் ஓரம். இவர் துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு.

செங்கல் ரோட்டில் விழுந்து கிடந்ததால் டவுன் பஸ் எங்கள் எதிரே நின்றுவிட்டது. ஜன்னலோரம் வசந்தி. மடியில் பேரன். நான் பார்க்காத பேரன். காது அப்படியே இவர் காது.

"வசந்தி, வசந்தி, யாரும் எறங்கணுமா?" கண்டக்டர்.

நான் கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். ஜேசிபி சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரும் பார்த்தார். துண்டை வாயிலிருந்து எடுத்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், சாமி சத்தியமாக நினைத்தேன். விசில் கொடுத்தார்கள். பஸ் போய்விட்டது.

"ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?" என்றேன்.

"தூசி" என்றார். "தொண்டையில தூசி."

21.5, புதன்

பூத்தில் போன்.

"பாத்தேம்மா. போதும். இனி வந்து எறங்க அங்க என்ன இருக்கு."

அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலையாம். ஜூனில் குடிபோகிறார்கள். வத்தலக்குண்டு என்றால் நினைத்தால் போகலாம் என்று இருந்தேன். இத்தனை வருஷமாகப் போகவில்லை, அது வேறு விஷயம்.

9.6, திங்கள்

வசந்தி வீட்டைக் காலி செய்து போய்விட்டாள். பூத்தில் நம்பரை அடித்தால் வேறு யாரோ எடுத்துச் சொன்னார்கள்.

மத்தியானம் இலை போட்டுவிட்டு இவரிடம் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொல்வது போல. "திருப்பூர் போயிட்டாக." பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். மில் இருந்த வெற்று இடத்தில் வெயிலில் நின்றார். செத்த நேரம் என்று பார்த்தால் முத்தக்கா போய்க் கூப்பிடும் வரை அங்கேயே.

18.6, புதன்

இவருக்குக் கண்ணில் புரை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆப்பரேஷன் ஆடியில். சொட்டு மருந்து தினம் மூன்று வேளை.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. கண்டக்டர் புது ஆள், சின்ன வயது. இவர் காசை நீட்டினார். டேங்க் ஸ்டாப் என்பார் என்று நான் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"வசந்தி மில் ரெண்டு."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"மில்லுதான் இல்லையே பெரியவரே. இப்ப அது பேங்க் ஸ்டாப்பு."

"வசந்தி மில்."

"பேங்க் எதுத்தாப்புலதானே? அப்ப பேங்க் ஸ்டாப்புன்னு கேளுங்க."

"வசந்தி மில்லுப்பா. வசந்தி மில் ரெண்டு." முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டாப் வந்தது. "பேங்க், பேங்க், பேங்க் எறங்கு." நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இவர் எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி கண்டக்டர் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வாட்டர் டேங்கில் இறங்கித் திரும்பி நடந்து வந்தோம்.