மூடி வைக்க வேண்டிய டப்பா

மயிலாப்பூர், ஆகஸ்டு 1934

அன்புள்ள அம்மாவுக்கு மகள் அருளம்மாளின் வணக்கம். மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

மருத்துவச்சிப் படிப்பில் எங்களை இப்போது வீடுகளுக்கே அனுப்புகிறார்கள். நேற்று மீன்காரக் குப்பத்தில் ஒரு பிரசவம். கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்கவைத்து டப்பாவில் மூடிக் கொண்டுபோனேன். நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மாமியார்க்காரி கோவிந்தம்மா, வீட்டுப் பானை பெட்டிகளோடு என் டப்பாவையும் திறந்துவிட்டாள்!

"என்னம்மா இது?" என்று கத்திவிட்டேன்.

"அல்லாத்தையும் தொறந்து வெச்சாத்தானே புள்ளைக்கு வழி கெடைக்கும்?" என்றாள். நம்மூர் வழக்கமும் அதுதானே. என் கோபம் போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடி கொதிக்கவைத்தேன். பெண் குழந்தை, தாயும் சுகம்.

தங்கை பிலோமினாவுக்கும் நாள் நெருங்குகிறது. போன பிரசவத்தில் வந்த ஜன்னி மறுபடி வரக்கூடாது. நம்மூர் மருத்துவச்சியின் கத்தியைக் கொதிக்கவைத்து மூடி வையுங்கள். மற்றதையெல்லாம் நம் வழக்கப்படி திறந்து வையுங்கள். எனக்கு லீவு கிடையாதாம். வகுப்பு மணி அடிக்கிறது. வலி கண்டதும் மறக்காமல் தந்தி கொடுங்கள். இங்கே எனக்கென்று இருப்பது ஒரு டிரங்குப் பெட்டிதான். அதை நான் திறந்து வைக்கிறேன்.

அருளம்மாள்