நீ காணாத வயதில் எனக்கு வேர்க்கிறது, அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நாற்பத்து மூன்று வயதில் நீ போனாய். உனக்கு இளையவளான நான் இப்போது ஐம்பதில் நிற்கிறேன். உனக்குக் கிடைக்காத வயது எனக்குக் கிடைத்திருக்கிறது, அதைப் பற்றி உன்னிடமே புலம்ப வந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? நான் வயதுக்கு வந்த அன்றைக்கும் அம்மாவை விட்டுவிட்டு உன்னிடம்தானே ஓடி வந்தேன்?

மாதாமாதம் வருவது ஒழுங்கு தப்பிவிட்டது. அதோடு இந்தச் சூடு. நெஞ்சிலிருந்து கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். முகம் சிவந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கி, உடம்பு சில்லிட்டுப் போகும். எப்போது வரும் என்று மட்டும் தெரியாது.

நான் இன்னும் டவுணில் அதே ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில்தான் இருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது என் மோவாயிலிருந்து ஒரு சொட்டு வேர்வை முந்தியில் விழுந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிற கடையில். அந்த அம்மாள் சேலையை விரல் நுனியால் தள்ளிவிட்டு, "வேற யாராவது வந்து காட்டுங்க" என்றாள். மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். அழுகை வரவில்லை. உடம்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

இனி உன் மகள் சங்கதிக்கு வருகிறேன். கோமுவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. அம்பாசமுத்திரத்துக்காரர்கள். பையன் நல்ல பையன், அவளைப் பார்த்து அவனே விரும்பிக் கேட்டான். நம்மூர் வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம் வைத்தோம். அத்தான் ஒற்றையாக நிற்க வேண்டாம் என்று உன் இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம்.

தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து அது வந்துவிட்டது. கண் இருட்டியது. மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டிக்கொண்டிருக்க, நான் தட்டை என் வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, தோளெல்லாம் நனைந்து திரும்பி வந்தபோது மண்டபமே என்னைப் பார்த்தது. கோமு தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் பதறிப்போய், "அவளுக்குப் பிரஷர் உண்டு" என்று சொல்லிவைத்தார். நானும் தலையை ஆட்டினேன். உண்மையைவிடப் பிரஷர் கௌரவமாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மாவும் அவள் அண்ணனும் அத்தான் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணத் தேதி குறிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தோம். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த அண்ணாச்சி பைய ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதிய. பொண்ணோட அம்மா சின்ன வயசுலயே போயிட்டாவ. சித்திக்கும் அன்னைக்கு அப்படி ஆயிட்டு. குடும்பத்துல நெஞ்சு வியாதி ஏதும் உண்டுமான்னு வீட்டுல கேக்காவ."

"அவ டெங்கு காய்ச்சல்லதான் போனா" என்றார் அத்தான்.

"சொன்னிய. ஆனா முழுசும் சொல்லலியோன்னு ஒரு நெனப்பு."

உன் சாவையே சந்தேகப்பட வைத்துவிட்டது என் வெட்கம். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் கோமு நின்றாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, எனக்குப் பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "மாசாமாசம் வாரது எனக்கு நிக்கப்போவுது. அதுல வார சூடு. அன்னைக்கு அதான் வந்திச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டோம். பிள்ளை மேல ஒரு கொறையும் இல்ல."

அண்ணாச்சி டம்ளருக்குள் பார்த்தபடி, "சரிம்மா, சரிம்மா" என்றார். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தாள். "ஆம்பளைய இருக்க எடத்துல இதப் போயி" என்று பாதியில் நிறுத்தினாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆனால் புறப்படும்போது, நடையில் செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்து, "டாக்டர்ட்ட காமிச்சியளா?" என்று மெல்லக் கேட்டாள். தை மாதத்தில் தேதி குறித்தாயிற்று. அந்த அண்ணாச்சி மட்டும் இன்றைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கும் அவரைக் கண்டால் கூசுகிறது.

அவர்கள் போனபின் கோமுவிடம், "ஒன்னைய எல்லார் முன்னாலயும் தலைகுனிய வச்சிட்டேன், மன்னிச்சிரு" என்றேன். அவள் டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா இருந்தா அவளுக்கும் இது வந்திருக்கும்லா, சித்தி?"

"வந்திருக்கும்ட்டி."

"வந்திருக்கலாம்" என்றாள். "அன்னைக்கு அவ வேர்த்துக்கிட்டு நின்னிருக்கலாம்."

இருவரும் அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

இப்போது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்வருகிறேன். காப்பியைக் குறைக்கச் சொன்னார், காலையில் நடக்கச் சொன்னார், மாத்திரையும் தந்திருக்கிறார். கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடையில் என்னோடு வேலைக்கு நிற்கும் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணத்தன்று எவ்வளவு வேர்த்தாலும் கோமு பக்கத்திலிருந்து நகரமாட்டேன். அவளுக்கும் ஒருநாள் இந்த வயது வரும். கேட்க ஆளில்லாமல் அவள் தனியாக நிற்கக்கூடாது. அதுவரைக்கும் இந்த உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன்.

கோமுவின் சித்தி,
உன் தங்கச்சி வடிவு