இரண்டு மில்லிமீட்டர்

மார்ச் 3, திங்கள்

பத்து மாதத்துக்குப் பிறகு பட்டறையில் என் மேசை. மரத்தூள் ஆகாது என்று குழந்தை மிர்த்தாவை மாடியில் மாமியாரிடம் விட்டிருக்கிறேன். "இன்னும் ஒரு வருஷம் வீட்ல இருந்தா என்ன, நிவெஸ்? பட்டறை எங்கயும் ஓடிப்போகாது" என்றான் என் கணவன் துயிலியோ. நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

மார்ச் 6

மேலே இருமுகிறாளா? இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டு வைத்தியர் கிரிலானியின் புகையிலை பைப். போன வருடம் அலமாரியிலிருந்த பிரையர் வேர்க்கட்டைகளையெல்லாம் புரட்டி அவரே பொறுக்கிய கட்டை. துயிலியோ கடைந்து கிண்ணம் குடைந்து கொடுத்தான். வேரில் சிக்கிய மணல் புள்ளி ஒன்றுகூட இல்லை. ரேகைகள் அடியிலிருந்து விளிம்புவரை தீக்கொழுந்து மாதிரி ஏறுகின்றன. புகை வரும் துளை மட்டும் என் வேலை. தண்டின் நுனியில் ஆரம்பித்தால் கிண்ணத்தின் தரையில் போய்த் திறக்க வேண்டும். மெஷினில் பாதி துளைக்கும்போது மேலே குழந்தை வீறிட்டது. கட்டையைப் பிடித்திருந்த கை அசைந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மிர்த்தா தூங்குகிறாள். கத்தியது கூரையில் கடற்காகம். "அதுக்கும் பால் குடுத்துட்டுப் போயேன்" என்று மாமியார் சிரித்தார்.

துளை, தரைக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே திறந்திருக்கிறது.

மார்ச் 12

சொல்லவில்லை. துளையில் கம்பியை விட்டு எடுத்துக் காட்டினேன். தடையில்லாமல் போய் வந்தது. துயிலியோ தலையாட்டினான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை — என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் அடியில் புகையிலை எரியாது. ஈரம் தேங்கும். இழுத்தால் களகளவென்று சத்தம் வரும். வைத்தியருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சொன்னா? நேரா மாடிதான், இன்னும் ஒரு வருஷம். நான் என்னதான் பண்றது?

மார்ச் 13

மெருகு போட்டேன். எவ்வளவு அழகாக இருக்கிறது, சனியன்.

மார்ச் 14, வெள்ளி

நாளை வைத்தியர் வருகிறார். குறையில்லாத பைப்பில் மட்டும் விழும் எங்கள் முத்திரையை அடிக்கச் சுத்தியலை எடுத்தேன். கை வரவில்லை. பைப்பைத் துயிலியோ முன்னால் வைத்தேன். "தொளை ஒசந்துபோச்சு. செவ்வாக்கிழமையே தெரியும். சொல்லல."

விளக்கடியில் வைத்துப் பார்த்தான். "கம்பியைக் காட்டி என்னையே ஏமாத்திட்டியே" என்றான். "வைத்தியர்கிட்ட நீயே சொல்லு."

என் மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 15

வைத்தியரிடம் நானே சொன்னேன். வேறு கட்டை பொறுக்கினார். "ஒரு வருஷமாச்சும்மா. பசுமாடுகூட இதுக்குள்ள கன்னு போட்டிருக்கும்!"

மார்ச் 16, ஞாயிறு

துயிலியோவின் பைப் தாங்கியைத் துடைத்தேன். ஏழு. நல்லதையெல்லாம் தனக்கென்று எடுத்துக்கொள்கிறான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் விரிசல். மூன்றில் மணல் குழி. மற்ற மூன்றிலும் அவன் போட்ட துளை தப்பு, ஒன்றில் என்னுடையதைவிட உயரம். எதிலும் முத்திரை இல்லை.

மார்ச் 18

என் மேசையில் வைத்தியரின் புதுக் கட்டை. கிண்ணம் குடைந்திருக்கிறது, துளை இல்லை. "கூரையில எது கத்துனாலும் மொதல்ல மெஷினை நிறுத்து. அப்புறம் ஓடு" என்றான் துயிலியோ.

கத்தியது. நிறுத்தினேன். ஓடினேன். கடற்காகம்தான். இறங்கி வந்து மிச்சத் துளையைப் போட்டேன். அவன் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தான். சரியாகத் தரைமட்டம்.

ஏப்ரல் 2

சாப்பிட்டதும் துயிலியோ பால்கனியில், வைத்தியருக்குப் போகாத அந்த பைப்பைப் பற்றவைத்தான். தாங்கியில் அது இப்போது எட்டாவது. காற்று கடல் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முடியும் தறுவாயில் களகள. என் மடியில் மிர்த்தா உற்றுக் கேட்டாள். உதட்டைக் குவித்து எச்சில் குமிழி விட்டாள் — களகள.

வெளியே அவன் இன்னொரு முறை இழுத்தான்.