கூலருக்குள் இருந்த துண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது. எனக்கு ஒன்றும் இல்லை, அசதிதான். காலையில் எழுந்திருக்கும்போதே வேலை முடிந்து வந்தவள் மாதிரி இருக்கிறது. நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து விட்டிருந்தால் நீயே போட்டுப் படித்துக்கொள்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தேன். மறுபடியும் படகு இன்ஜின் இம்பெல்லர், கூட அதன் மூடிக்குப் போடும் காஸ்கெட். போன மாதமும் அதுதான், அதற்கு முந்தின மாதமும் அதுதான். ஒரு வரி எழுதி உள்ளே வைத்திருக்கிறாயா என்று அட்டையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அடித்து அடித்துப் பார்த்து அத்தை விட்டுவிட்டார். பாப்பாவுக்குத்தான் சந்தோஷம். காலிப் பெட்டிகளை அடுக்கி பொம்மைக்கு வீடு கட்டியிருக்கிறாள். நீ அனுப்புகிற வேகத்துக்கு அது மாடி வீடு ஆகிவிட்டது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. படகுப் பட்டறையில் வேலை செய்கிறான், கையில் கிடைப்பதை அனுப்புகிறான் என்று நினைத்தேன். ஆனால் ஒரு படகுக்கு வருஷத்துக்கு ஒரு இம்பெல்லர் மாற்றினால் போதும் என்பது எனக்கே தெரியும். உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம், சுற்றிலும் இறக்கை, கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கிறது. அவ்வளவுதான். பில்டர் அனுப்பவில்லை, நாசில் அனுப்பவில்லை, இதையே அனுப்பிக்கொண்டிருக்கிறாய். யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவும்போதுதான் உன் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் உன் துணிகளைத் துவைத்துக் கொடுத்தேன் அல்லவா. படகு மோதிய அன்றைக்கு நீ போட்டிருந்த சட்டையின் பையில் ஒடிந்த இம்பெல்லர் இருந்தது. இரண்டு இறக்கை இல்லாத சக்கரம். என்னவோ என்று எடுத்து ஆணி போடும் டப்பாவில் போட்டுவிட்டேன். அப்போது எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. நீயும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. படகு கல்லில் மோதியபோது நீ கீழே நின்றுபோன இன்ஜினோடு போராடிக்கொண்டிருந்தாய், உன் அண்ணன் மேலே கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார், நீ ஏறி வந்து பார்த்தபோது கழி மட்டும் மிதந்தது. இவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னாய். அதற்கு மேல் யாரும் உன்னைக் கேட்கவும் இல்லை.

படகை விற்றுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். விற்பதற்கும் இன்ஜின் ஓட வேண்டுமே. கரையில் ஏற்றிப் போட்ட நாளிலிருந்து அப்படியே கிடந்தது. சங்கு மெக்கானிக்கைப் போய்க் கூப்பிட்டேன். அவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். படகுத்துறையின் இந்த மூலையில் பேசினால் அந்த மூலையில் இருப்பவன் வேலையை விட்டுச் சாப்பிடக் கிளம்பிவிடுவான். சும்மா வரமாட்டேன், கூடமாட ஒரு ஆள் வேண்டும் என்றார். நான்தான் ஆள் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். நீ வந்து விளக்குப் பிடிச்சா என் வாயில கெட்ட வார்த்தை வராதே, அது வராம எனக்கு போல்ட்டு கழலாதே என்றார். பழகிக்கொள்ளலாம், நீங்கள் திட்டுங்கள் என்றேன்.

உப்பு எல்லாவற்றையும் தின்றிருந்தது தம்பி. ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை, அதைக் கழற்றி வெளியே கொடுத்தோம். இன்ஜினின் மேல்மூடியைத் தூக்கினோம், அடியில் காஸ்கெட் ஒரு ஓரம் கருகிக் கிடந்தது. நாசில்களை அவர் கழற்றித் தர நான் டீசலில் போட்டுக் கழுவினேன். பழைய ஆயில் குழம்பு மாதிரி வந்தது. நான் தேய்க்கிறதைப் பார்த்து, அடிப்பிடிச்ச சட்டி தேய்க்கிற மாதிரி தேய்க்காதம்மா, அது இரும்பு, கோபப்படாது என்றார். வீட்டுக்கு வந்தால் பாப்பா பக்கத்தில் வரமாட்டாள், டீசல் நாற்றம் என்பாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகவில்லை. உன் அண்ணன் மேல் எப்போதும் இருந்த வாசனைதான் அது. ராத்திரி கையை முகத்தடியில் வைத்துக்கொண்டு படுப்பேன். சரி, அதை விடு.

கடைசியாக, இம்பெல்லர் இழுக்கிற தண்ணீர் போய்ச் சேரும் கூலரைத் திறந்தோம். நீ அறிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். மூடியை எடுத்தால் உள்ளே மெல்லிய குழாய்கள் தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தக் குழாய் வாய்களில் ரப்பர் துண்டுகள் அடைத்துக்கொண்டு கிடந்தன. சங்கு ஒவ்வொன்றாகக் கம்பியால் நெம்பி எடுத்து ஒரு சாக்கின் மேல் போட்டார். நான் வீட்டுக்குப் போய் ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. இரண்டு துண்டுகள் உன் சட்டைப் பையில் இருந்த சக்கரத்தோடு சரியாகப் பொருந்தின. ஒடிந்த இடம் ஒட்டிக்கொள்வது மாதிரி பொருந்தின. அந்த அடைப்பில் தண்ணீர் போகாமல்தான் அன்றைக்கு இன்ஜின் சூடேறி நின்றிருக்கிறது. நீ அனுப்பிக்கொண்டிருப்பது எதற்காக என்று அப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

ஆனால் தம்பி, சாக்கின் மேல் கிடந்தது அந்த இரண்டு மட்டும் இல்லை. மற்றவை கரி மாதிரி இறுகிப்போய், விரலால் நசுக்கினால் பொடிந்தன. எந்தக் காலத்தவையோ. நீ அந்தப் படகில் ஏறுவதற்கு முன்னால் உன் அண்ணன் தனியாக ஓட்டினார். அவருக்கு முன்னால் வேறு யாரோ வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் இறக்கை ஒடிந்திருக்கிறது, ஒவ்வொருவரும் புதுசைப் போட்டுவிட்டு, பின்னால் குழாய் தண்ணீர் துப்புகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். குழாயைக் கழற்றித் துண்டைத் தேடினால் அரை நாள் போய்விடும், வெளியே நிற்கும் கப்பல் நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் காத்துக்கொண்டா நிற்கும். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். சங்கு அந்தப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவான குரலில் சொன்னார், "இது ஒருத்தன் அடைச்ச அடைப்பு இல்லம்மா. இதுல ஒண்ணு என்னோடதாக்கூட இருக்கும்."

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படகு மோதிய அன்றைக்குக் காலையில் நான் சாப்பாட்டுத் தூக்கோடு படித்துறையில் நின்றுகொண்டிருந்தேன். நீ கீழே புது இம்பெல்லரைப் போட்டுவிட்டுப் பம்பை மூடிக்கொண்டிருந்தாய். உன் அண்ணன் மேலே இருந்து, ஒடிந்த துண்டு கிடைத்துவிட்டதா என்று கேட்டார். நீ "கிடைச்சிருச்சுண்ணே" என்றாய். நான் அங்கே இருந்தது உனக்குத் தெரியாது. எனக்கு அது காதில் விழுந்தது. நீ இத்தனை நாளும் யாருக்கும் தெரியாது என்று நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்குவது அந்த ஒரு வார்த்தையைத்தானே.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவர் தூக்கை வாங்க என் பக்கம் குனிந்தார். சிரித்தார். என் காதருகில் சொன்னார், "பொய் சொல்றான் பாரு. கெடைச்சிருக்காது. கப்பல் போயிரும்னு சொல்றான். நானா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்." சொல்லிவிட்டு உன்னைப் பார்த்து, "துப்புதுல்ல, போதும், ஏறு" என்றார்.

இது அன்றைக்கு எனக்கு ஒரு பேச்சாகவே படவில்லை. அண்ணன் தம்பிக்குள் இருக்கிற வழக்கமான வம்பு என்று சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு எந்தப் பேச்சும் ஞாபகத்தில் நிற்கவில்லை. சாக்கின் மேல் அந்தக் கரித் துண்டுகளைப் பார்த்தபோதுதான் அவர் சிரித்த சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது. அவர் உன்னை நம்பி ஏமாந்து போகவில்லை தம்பி. தெரிந்தே போனார். உன்னைத் தனியாக அனுப்பாமல் கூடவே போனார். எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது, அது நான் அவரோடு தீர்த்துக்கொள்கிறேன். உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தும் இல்லை.

கூலர் குழாய்களைக் கம்பி விட்டுக் குத்திக் குத்தி வெளிச்சம் தெரிகிற வரைக்கும் சுத்தம் செய்தேன். நீ அனுப்பியதில் ஒரு இம்பெல்லரை நானே போட்டேன். இறக்கைகளை எல்லாம் சுற்றுகிற பக்கமாக மடக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி உள்ளே தள்ளினேன். சங்கு அதில் குறை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் பார்த்தார், கிடைக்கவில்லை, சோப்பு வாசனை நல்லாருக்கு என்றார். படகைத் தண்ணீரில் இறக்கி இன்ஜினை முடுக்கினோம். முதலில் கறுப்பாக இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பின்குழாயில் தண்ணீர் தடிமனாகத் துப்பியது. நான் ஏறிப் போய் அதற்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வெதுவெதுப்பாக இருந்தது.

சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அத்தை அந்த வலிக்கிற காலை வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றிருந்தார். உன் அண்ணன் முடுக்கினால் உடனே இரண்டு தடவை உறுமவிடுவார், நீ முடுக்கினால் அப்படியே மெதுவாக ஓடவிடுவாய், அது அத்தைக்குத் தெரியும். எனக்கு உறுமவிடத் தெரியாததால் நானும் மெதுவாகத்தான் ஓடவிட்டேன். அத்தை என்னைப் பார்த்து, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் சரியாகிவிட்டது அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

படகை விற்பதா வைத்துக்கொள்வதா என்று நான் முடிவு எடுக்கவில்லை. அது என் ஒருத்தியுடைய படகு இல்லை. நீ சொல்ல வேண்டும், அதையும் பார்சலில் சொல்ல முடியாது.

இனி இம்பெல்லர் அனுப்பாதே. பொம்மைக்கு வீடு போதும், பாப்பா அடுத்த தெரு கட்ட ஆரம்பித்துவிடுவாள். இப்போது வேண்டியது பெல்ட். பழையது கத்துகிறது, ஓரமெல்லாம் பிய்ந்து தொங்குகிறது, மேலே எழுதியிருந்த நம்பர் தேய்ந்துபோய்விட்டது. கயிறு சுற்றி அளந்து எழுதம்மா, கடையில் கொடுப்பான் என்று சங்கு சொன்னார். அளக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அளந்து வாங்க வேண்டியவன் வந்து அளக்கட்டும்.

அதுவரைக்கும் வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும். இன்றைக்கு அத்தை போன் செய்தால் எடு. ஒன்றும் பேச வேண்டாம், எடுத்தால் போதும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி