தூங்காத டிரைவர் சாருக்கு

பிப்ரவரி 9, திங்கள்

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்திருப்பாய். பிளாஸ்க்கில் பால் இருக்கிறது, குடித்துவிட்டுப் படு. நீ இதைப் படிக்கும்போது நான் முதல் டிரிப்பில் பாலத்தைத் தாண்டியிருப்பேன்.

போனிலேயே பேசலாமே என்று நேற்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். நான் சும்மா இருக்கும்போது நீ தூங்குகிறாய். நீ விழித்திருக்கும்போது நான் பஸ் ஓட்டுகிறேன். சாயங்கால டியூட்டி முடித்து நான் வருவதற்குள் நீ கிளம்பிவிடுகிறாய். இந்த வீட்டில் ஒரு ஆளாவது ஒழுங்காகத் தூங்குகிறது, அதையும் மணியடித்து எழுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பழையபடி கடிதமே இருக்கட்டும். பிளாஸ்க்குக்கு அடியில் வைக்கிறேன், நீயும் அங்கேயே வை.

தூங்கினீர்களா என்றுதானே அடுத்த கேள்வி? படுத்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அன்றைக்கு ஒரு நாள் அயர்ந்து தூங்கி, முதல் பஸ்ஸைத் தாமதமாக எடுத்து மெமோ வாங்கினேனே, அதிலிருந்து என் உடம்பு பயந்துபோய்க் கிடக்கிறது. கண்ணை மூடினால் போதும், "எழுந்திரு, நேரமாச்சு" என்று யாரோ உலுக்குகிறார்கள். பார்த்தால் நேரம் ஆகியிருக்காது. மெமோ கொடுத்த மேனேஜர் மாற்றலாகியே போய்விட்டார். அவருக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதாம், விசாரித்தேன்.

இப்படிக்கு,
உன் டிரைவர்


பிப்ரவரி 10, செவ்வாய்

மதிப்பிற்குரிய டிரைவர் சாருக்கு,

பால் குடித்தேன். ஆடையை எடுத்துத் தின்றது யார் என்று இப்போதைக்கு விசாரிக்கவில்லை.

சிரிக்க வைத்துவிட்டால் மற்றதைக் கேட்க மாட்டேன் என்று நினைக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தேனே. பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். என்னங்க என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கை தூக்க வரல" என்கிறீர்கள். பிரஷ்ஷைத் தூக்க முடியாதவர் அவ்வளவு பெரிய வண்டியை எப்படித் திருப்புகிறீர்கள்?

ராத்திரி முழுக்க ஊரார் படுத்த விரிப்புகளைத்தான் துவைக்கிறேன். இத்தனை பேர் புரண்டு புரண்டு தூங்கியிருக்கிறார்கள், என் வீட்டு ஆளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன என்று வயிறு எரிகிறது. இஸ்திரி மெஷினில் நிற்கும் அக்கா ஒரு வைத்தியம் சொன்னார். படுக்கும் முன் வெந்நீரில் கால் வைத்து உட்கார வேண்டுமாம். செய்யுங்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டேன், தேட வேண்டாம். என் பகல் தூக்கத்துக்குத் தைத்த கறுப்புத் திரையை நீங்களும் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தூங்குமூஞ்சி


பிப்ரவரி 17, செவ்வாய்

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

வெந்நீரில் கால் வைத்தேன். கால் சுத்தமானது. கடிகாரம் அலமாரிக்குள்ளிருந்து டிக் டிக் என்கிறது. ஒளித்தவள் பேட்டரியைக் கழற்றியிருக்கக் கூடாதா, என் அறிவுக் கொழுந்தே!

இன்று ஒரு வேடிக்கை. மார்க்கெட் ஸ்டாப்பைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியவே இல்லை. கூடையோடு இறங்க வேண்டிய அம்மாக்கள் கத்தின கத்து இருக்கிறதே! "டிரைவரு நம்மள அவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போறாரு போல. சோறாவது போடுவாரா?" என்று ஒருத்தி கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்டக்டர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இப்போதெல்லாம் டிக்கெட் கொடுத்து முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்று தொணதொணவென்று பேசுகிறார். மருமகனைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி. ரிட்டையர் ஆகப் போகிறவர், பேச ஆள் இல்லை, பாவம்.

வேடிக்கையை விட்டுச் சொன்னால், அசதியாக இருக்கிறது. வேலை செய்த அசதியை எனக்குத் தெரியும், அது படுத்தால் போய்விடும். இது நான் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருக்கிறது. சட்டைக்குப் பொத்தான் போடும்போது பாதியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறேன். இதை யாரிடம் சொல்வது? காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தூக்கம் வரவில்லை என்றால், "குடுத்து வச்சவன்டா நீ, எனக்கு நின்னாலே தூக்கம் வருது" என்கிறார்கள்.

உன் டிரைவர்


பிப்ரவரி 18, புதன்

டிரைவர் சாருக்கு,

கூடையம்மா சொன்னதைப் படித்துச் சிரித்தேன். படுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒரு ஸ்டாப்பையே தாண்டியது தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள். அந்த நேரம் யார் ஓட்டினார்கள்?

டாக்டர், டாக்டர், டாக்டர். இந்த வாரம் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே கையைப் பிடித்து இழுத்துப் போவேன். தெருவே பார்க்கட்டும்.

உங்கள் தூங்குமூஞ்சி


மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

டாக்டரைப் பார்த்துவிட்டேன், சந்தோஷமா? ரத்தம் சரி, சர்க்கரை சரி, இதயம் என்னைவிட ஒழுங்காக வேலை செய்கிறதாம். ஒரு மாத்திரை எழுதினார். போட்டால் காலையில் தலை கனக்கும் என்றார், அதனால் டியூட்டி இல்லாத அன்று மட்டும் போடலாம் என்றிருக்கிறேன். ஓய்வு எடு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று பிரேக் கொஞ்சம் பலமாகப் பிடித்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். சின்னக் காயம்தான். நீ வீணாகக் கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் டிரைவர்


மார்ச் 5, வியாழன்

என்னங்க,

இன்று மதியம் கதவு தட்டும் சத்தத்தில் எழுந்தேன். கண்டக்டர் அண்ணன் நின்றிருந்தார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. டிப்போவில் நீங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம். ரெட் சிக்னல்மா. நிக்கல. கண்ணு திறந்துதான் இருந்துச்சு, ஆனா ஆளு அங்க இல்ல. ஒரு பொண்ணு குழந்தையத் தள்ளுவண்டில வச்சுத் தள்ளிக்கிட்டுக் குறுக்க வந்துச்சு. நான் கத்தி, தோளப் புடிச்சு உலுக்கின பிறகுதான் பிரேக்க மிதிச்சான். தள்ளுவண்டி இந்தா, இந்த மேசை தூரத்துல நின்னுச்சும்மா."

நம் சமையலறை மேசையைக் காட்டினார். நாம் இரண்டு பேர் உட்கார்ந்தாலே முட்டி இடிக்கும், அந்த மேசையை.

அவர் உங்கள் பக்கத்தில் நின்று பேசுவது பேச ஆள் இல்லாமல் இல்லை. உங்களை விழிக்க வைக்கத்தான் பேசுகிறார். "மருமகனப் பத்திச் சொல்றதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சமில்லம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் என் முன்னால் அழுததை நான் எப்படி மறைப்பேன்? சொல்லிவிட்டேன். அவரைத் திட்டாதீர்கள்.

உடம்பு சரியில்லை, வண்டி வேண்டாம் என்று நாளைக்கே எழுதிக் கொடுங்கள். ஓட்ட விடமாட்டார்கள், யார்டில் வண்டி கழுவச் சொல்வார்கள், அவ்வளவுதானே? கழுவுங்கள். நான் துணி துவைக்கிறேன், நீங்கள் பஸ் கழுவுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.


மார்ச் 6, வெள்ளி

மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கண்டக்டரோடு நான் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் வண்டி ஓட்டாதே என்றுதான் சொன்னார். உன்னிடம் மறைத்தேன். சொன்னால் நீ இப்படிக் குதிப்பாய் என்று தெரியும்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால் நான் டிரைவர். இறங்கிவிட்டால் யார்? தூக்கம் வராதவன், சட்டைப் பொத்தான் போட முடியாதவன். யார்டில் பக்கெட்டோடு நின்றால், நான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆட்கள் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போவார்கள். விடியும் நேரத்தில் முதல் ஆள் ஏறி "வணக்கம் டிரைவர்" என்று சொல்கிறானே, எனக்கு ஒரு நாளில் இருக்கிற நல்ல நேரமே அதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு என்னைக் கட்டிலில் போட்டால் தூங்கிவிடுவேன் என்று நினைக்கிறாயா?

இந்த மாதம் போகட்டும். நானே பார்த்துக்கொள்கிறேன். நீ டிப்போவுக்குப் போய் ஏதாவது சொன்னால், அதற்குப் பிறகு நமக்குள் பேச ஒன்றும் இருக்காது. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பால் பிளாஸ்க்கில் இருக்கிறது.


மார்ச் 9, திங்கள்

டிரைவர் சாருக்கு,

இதைப் படிப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். நான் டிப்போவுக்குப் போனேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகப் போனேன். புது மேனேஜர் நல்ல மாதிரிதான், நாற்காலி போட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. "என் வீட்டுக்காரர் தூங்குறதே இல்ல சார். அவர்கிட்ட வண்டியக் குடுக்காதீங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே நீங்கள் டீசல் போட வண்டியைக் கொண்டுவந்தீர்கள். ஒரே திருப்பு. இரண்டு பக்கமும் எதையும் உரசாமல், அளந்து வைத்த மாதிரி நிறுத்தினீர்கள். மேனேஜரும் பார்த்தார். "நல்லாத்தானேம்மா ஓட்டுறாரு?" என்றார்.

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவரும் விட்டிருப்பார். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. "இல்ல சார்" என்றேன்.

அந்தத் தள்ளுவண்டிப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீங்கள் அப்புறம் உயிரோடு இருக்க மாட்டீர்கள். இரண்டு பேரையும் நினைத்துத்தான் போனேன்.

திட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். எழுப்பி உட்கார வைத்துத் திட்டுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 13, வெள்ளி

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டிலிருந்து தகவல் வந்தது, அங்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று. பெட்டியைக் காணோம் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல்முறையாக உங்களுக்கு உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, உங்களுக்கு வேறு முகவரி எழுத வேண்டியிருப்பது என்னவோ போலிருக்கிறது. பேச வேண்டாம். சாப்பிடுகிறீர்களா, கண்ணை மூடுகிறீர்களா, அதை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 2, வியாழன்

அன்புள்ள உனக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் வரவில்லை. ஒரு மதியம் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே அத்தனை பேரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டேன். எழுந்தால் மறுநாள் காலை. மூச்சு இருக்கிறதா என்று அக்கா மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாளாம். அதிலிருந்து தினமும் வருகிறது. உலுக்கி எழுப்புகிறவனைக் காணோம். உடம்பில் தெம்பு வந்திருக்கிறது. மாமாவின் மரக்கடையில் போய் உட்காருகிறேன், பலகை எடுத்துக் கொடுக்கிறேன்.

நீ செய்தது சரி. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. அந்தக் குழந்தை எங்கேயோ நடை பழகிக்கொண்டிருக்கும், அதற்குக் கண்டக்டர் அண்ணன் காரணம். அடுத்து என் வண்டிக்குக் குறுக்கே வரவிருந்த குழந்தைக்கு நீதான் காரணம்.

ஆனாலும் என்னால் வர முடியவில்லை. "உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க" என்று மேனேஜர் ஆரம்பித்தபோது வண்டிச் சாவி என் கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன். உன்னை நினைத்தால் அந்த மேசைதான் முன்னால் வந்து நிற்கிறது. போன வாரம் வீட்டுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன். திரும்பிப் போய்விட்டேன். அன்று ராத்திரி மறுபடியும் கண் மூடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நரகத்துக்குத் திரும்ப எனக்குத் தெம்பு இல்லை.

கண்டக்டர் அண்ணனோடு பேசிவிட்டேன், நானேதான் போன் செய்தேன். உன்னோடுதான் முடியவில்லை. என் துணிகளை அவரிடம் கொடுத்தனுப்பு.


ஏப்ரல் 6, திங்கள்

டிரைவர் சாருக்கு,

துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நீலச் சட்டையில் காலர் கிழிந்திருந்தது, தைத்திருக்கிறேன். தலையணையையும் அனுப்பலாம் என்று எடுத்தேன். அதில் நீங்கள் தூங்கியதே கிடையாது, அது எதற்கு என்று திரும்ப வைத்துவிட்டேன்.

உங்கள் அக்கா மூக்கில் விரல் வைத்துப் பார்த்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலேயே படுத்திருந்தேன், எனக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் அக்கா மேல் எனக்குப் பொறாமை.

வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். வந்து என் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பீர்கள். அதனால் எழுதவில்லை.

நீங்களே ஓட்டிக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து இந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள். அன்றைக்கும் நான் இந்த வீட்டில் தனி ஆள்தான். இப்போதும் தனி ஆள்தான். ஆனால் இப்போது நீங்கள் ஓரிடத்தில் தூங்குகிறீர்கள். எனக்கு அது போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன். போதவில்லை. ஆனாலும் வர வேண்டாம், தூங்குங்கள்.

உங்கள் மனைவி