தளத்தில் இல்லாத அறிவிப்பு

மார்ச் 3, திங்கள்

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வழக்கம்போல ஃபீட் ரீடரைத் திறந்தேன். இருபத்தேழு தளங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் புதிதாக ஏதாவது போட்டாலும் தானாக வந்து நிற்கும். எங்கள் கம்பெனித் தளமும் உண்டு. அதைச் சேர்த்திருக்கும் ஒரே ஊழியர் நானாகத்தான் இருக்கும். முதலாளி கோப்பை வாங்கும் படங்களை வேறு யார் பார்ப்பார்கள்?

இன்று கோப்பை இல்லை. "காலணிக் கிடங்கு இம்மாதம் 31ஆம் தேதியுடன் மூடப்படுகிறது."

எங்கள் கிடங்கு! பதினான்கு வருஷமாக நான் சரக்குப் பதிவு செய்யும் கிடங்கு! பதறிப்போய்த் தளத்தைத் திறந்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை. ரீடரில் மட்டும் இருக்கிறது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

தம்பி வெள்ளிக்கிழமை அச்சக வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறான். எங்கள் கிடங்கில் வந்து சேர. ஆறு மாதம் நச்சரித்து அவனைச் சம்மதிக்க வைத்தவள் நான்.

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜரிடம் போனைக் காட்டினேன். உம்மணாமூஞ்சி என்று நாங்கள் பெயர் வைத்த மனிதர் சிரித்தார்.

"அது பத்தாம் தேதி வரவேண்டியதும்மா. தலைமை ஆபீஸ்ல தெரியாம பட்டனை அமுக்கிட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல எடுத்தாச்சே, உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எது வந்தாலும் ரீடர் உடனே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும் சார். அவங்க அழிச்சாலும் எனக்கு இருக்கும்."

எழுந்து கதவைச் சாத்தினார். "உன்னைத் தலைமை ஆபீஸுக்கு மாத்திடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

தலையாட்டினேன். நானா ஆட்டினேன்? பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன, சரி — ஆனால் இவ்வளவு சீக்கிரமாகவா?

மார்ச் 5, புதன்

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளை நேரில் போய்ச் சொல்லிவிடலாம்.

மார்ச் 6, வியாழன்

தம்பி மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நேத்தே லெட்டர் குடுத்துட்டாரு! வேற ஆள் தயாரா இருக்கு, குடுக்கறதா இருந்தா இன்னைக்கே குடுன்னு அச்சகத்துல சொல்லிட்டாங்களாம். குடுக்கட்டுமான்னு கேக்கத்தான் உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணாரு."

ஐயோ. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்!

அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அறிவிப்பு வந்துவிட்டது, இந்த முறை தளத்திலும். கிடங்கில் ஆளாளுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, பாத்தியா? என்னை விடு, நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். உன் வேலை என்னாகும்?"

இதைக் கேட்டபின் எப்படிப் பொய் சொல்வது? "எனக்குப் போன திங்கட்கிழமையே தெரியும்டா."

திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"புதன்கிழமை உன்னைக் கூப்பிட்டேன்க்கா" என்றான். வைத்துவிட்டான்.

மார்ச் 21, வெள்ளி

மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தம்பி போனை எடுப்பதில்லை. அவன் மனைவிதான் எடுத்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சு அண்ணி. எங்கேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னாரு."