நிகிதாஸுக்கு ஒரு காலிக் கல்லறை

அன்புள்ள அம்மா,

முட்டிவலி இப்போது பரவாயில்லையா? பிரேயுஸ் துறைமுகத்தில் நான் நலம். கப்பல் சமையலறை வேலை வழக்கம்போலத்தான்.

படகோடு காணாமல்போன தம்பி நிகிதாஸுக்குக் கல் வெட்டக் கொடுக்கப் போனேன். கல்தச்சர் ஸ்தமாதிஸும் நம் ஊர்ப் பாதிரியார் உன்னிடம் சொன்னதையே சொன்னார்.

"உடம்பு கிடைக்கலையேம்மா. யாருமில்லாத குழிக்குக் கல் எதுக்கு?"

"நம்ம கிரேக்க பாஷையில கல்லறைன்னா தாஃபோஸ். காலிக் கல்லறைக்குன்னே கெனோதாஃபியோன்னு தனியா ஒரு வார்த்தை இருக்கே, அது எதுக்கு வந்துச்சாம்?"

"வார்த்தை வேற, சாமி காரியம் வேற."

"சாமி காரியத்துக்கே வர்றேன். பெரிய வெள்ளிக்கிழமை பூப்பல்லக்கு தூக்குறீங்களே, எபிதாஃபியோஸ்! அந்தப் பேர்லயும் தாஃபோஸ்தான் இருக்கு. உள்ள உடம்பா இருக்கு? ஏசு படம் தைச்ச துணிதானே! அதுக்கு அழுவீங்க, என் தம்பிக்கு ஒரு கல் கிடையாதா?"

அவர் சிரித்துவிட்டார். "சரியான வாயாடி நீ!" என்று உளியை எடுத்தார்.

பெயரும் பிறந்த வருடமும் மட்டும் வெட்டச் சொன்னேன். இறந்த நாளைக் கடல் நமக்குச் சொல்லவில்லை. நாமாக எழுத வேண்டாம்.

கல் வியாழக்கிழமைக் கப்பலில் வரும். அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் நட்டுவிடு. பாதிரியார் தடுத்தால் இதையெல்லாம் அவரிடமும் சொல். குரலைத் தாழ்த்தாதே, அம்மா.

திரும்பும் கப்பலில் ஒரு புட்டி தேன் அனுப்பு. நிகிதாஸின் நீலக் கம்பளிச் சட்டையையும் அனுப்பு. அதைத் துவைத்துவிடாதே.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்,
தெமெலினா